எம்எம் 540-க்கு பவர் ஸ்டியரிங்: மூன்றரை வருடம் ஓட்டிய பிறகு

எங்கள் வண்டி 1996 மாடல் மகிந்திரா எம்எம் 540 ஜீப், 2112 சிசி பெஜோ டீசல் இன்ஜின். பென்னாகரத்தில் வீடு, மலையடிவாரத்தில் மாந்தோப்பு. உரம், கூடை, ஆள் எல்லாம் இதில்தான் போய் வரும். பவர் ஸ்டியரிங் மாட்டி மூன்றரை வருடம் ஆகிறது, 38,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. மாட்டலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "கிங்பின் பார்த்து எவ்வளவு நாளாச்சு?" என்பதுதான். முன்சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சுதான் கிங்பின்.

மாட்ட வேண்டி வந்ததே டயரால். பழைய ஒடுக்கமான 6.00-16 டயர் இருந்தவரை கை நோகவில்லை. மழைக்காலத்தில் தோப்பில் புதைகிறது என்று 235 அகல ரேடியல் போட்டேன். அதோடு சரி, நின்ற இடத்தில் ஸ்டியரிங் அசையவே இல்லை. வத்தல்மலை கொண்டை ஊசி வளைவுகளில் அப்பா சீட்டிலிருந்து பாதி எழுந்து, உடம்பின் கனத்தையே போட்டு இழுப்பார். அவருக்குத் தோள்பட்டை வலி வேறு. ஒருநாள் மேலே போய் இறங்கியவர் கையைத் தூக்க முடியாமல் நின்றார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பழைய சாமான் கடையில் பொலிரோவின் பவர் ஸ்டியரிங் பெட்டி (ஸ்டியரிங் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கடத்தும் கியர் பெட்டி) கிடைத்தது. சீல் கிட் மாற்றி, பம்பு மட்டும் புதிதாக வாங்கினோம். இன்ஜினில் பம்புக்கு இடம் கிடையாது. லேத்தில் பம்பைத் தாங்கும் பிராக்கெட் செய்து, இன்ஜின் சுழற்றும் கிராங்க் புல்லியில் இன்னொரு பெல்ட் ஓட வழி செய்தார்கள். எல்லாம் சேர்ந்து 34,000 ரூபாய்.

முதல் பிராக்கெட்டை மெல்லிய தகட்டில் செய்துவிட்டார்கள். எட்டாவது மாதத்தில் அது விரிசல் விட்டு, பெல்ட் கழன்று விழுந்தது. கனமான தகட்டில், பின்னால் ஒரு தாங்கு கொடுத்துச் செய்த இரண்டாவது பிராக்கெட் இன்றுவரை அசையவில்லை. பெட்டி உட்காரும் இடத்தில் சேஸிஸின் உள்பக்கமும் தகடு வைத்துக்கொள்ளுங்கள். திருப்பும் விசை முழுவதும் அந்த மூன்று, நான்கு போல்ட்டில்தான் இறங்குகிறது.

முன்பு ஓட்டும்போது அப்பா ஓயாமல் சொல்வார்: "டேய், கட்டைவெரல உள்ள வுடாத!" சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டியரிங் வெடுக்கென்று சுழலும், ஆரக்காலுக்கு உள்ளே விரல் இருந்தால் முறிந்துவிடும். இப்போது அந்த உதை பெரும்பாலும் கைக்கு வருவதில்லை. திருப்பும்போது பெட்டிக்குள் ஒரு மெல்லிய கம்பி முறுகுகிறது. அந்த முறுக்கு வால்வைத் திறக்க, பம்பு அனுப்பும் எண்ணெய்தான் சக்கரத்தைத் தள்ளுகிறது. கல் திருப்பி உதைத்தாலும் இடையில் இருக்கும் எண்ணெய் அதை வாங்கிக்கொள்கிறது.

கைக்கு இது சுகம், சந்தேகமே இல்லை. ஆனால் அதே எண்ணெய் வண்டியின் நோயையும் மறைத்துவிடுகிறது. கிங்பின் பேரிங் தேய்ந்தாலோ டை ராடு எண்ட் (இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பியின் முனை) ஆடினாலோ முன்பெல்லாம் கையில் தெரியும். இப்போது தெரிவதில்லை. பழைய தேய்மானத்தைச் சரி செய்யாமலேயே நான் பவர் ஸ்டியரிங் மாட்டிவிட்டேன். முதல் மூன்று மாதம் சந்தோஷம்தான். அப்புறம் ஒருநாள் தொப்பூர் இறக்கத்தில், எழுபது வேகத்தில், முன்பக்கம் இடமும் வலமுமாக அலைய ஆரம்பித்தது. பக்கத்தில் லாரி. ஓரம் கட்டி நிறுத்திய பிறகும் கால் நடுக்கம் நிற்கவில்லை. கிங்பின் பேரிங், இரண்டு டை ராடு எண்ட், ஸ்பிரிங் பட்டையின் முனையிலிருக்கும் ஷேக்கிள் புஷ் எல்லாவற்றையும் மாற்றி, ஸ்பிரிங் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்து கேஸ்டர் கோணத்தை, அதாவது கிங்பின் பின்னோக்கிச் சாயும் கோணத்தை, கூட்டினோம். அதற்குப் பிறகுதான் வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வருகிறது. இந்த வேலைக்குத் தனியாகப் பணம் ஒதுக்க முடியாதென்றால், பவர் ஸ்டியரிங்கைத் தள்ளிப் போடுங்கள்.

இன்னொரு நாள் அஞ்செட்டிச் சாலையில் பம்பிலிருந்து பெட்டிக்கு எண்ணெய் போகும் பிரஷர் ஹோஸ் சேஸிஸில் உரசி ஓட்டையானது. வண்டிக்கு அடியில் புழுதியில் வெற்றிலை எச்சில் போலச் சிவப்பாக ஒரு கறை. எண்ணெய் போனால் பழைய ஸ்டியரிங் மாதிரி ஓட்டிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அது தவறு. இந்தப் பெட்டியில் முழுக்கத் திருப்ப வேண்டிய சுற்று குறைவு. அதனால் உதவி நின்றதும் பழையதைவிடக் கல்லாகிவிடுகிறது. இரண்டு பேர் சேர்ந்து பிடித்துத்தான் திருப்பினோம். இப்போது ஹோஸ் உரசும் இடத்தில் ரப்பர் உறை போட்டிருக்கிறேன், வண்டியில் ஒரு லிட்டர் ஏடிஎஃப் (பவர் ஸ்டியரிங்குக்கு ஊற்றும் எண்ணெய்) எப்போதும் இருக்கும்.

ஓடையில் இறக்கினால் பெல்ட் நனைந்து வழுக்கும். கீச்சென்று சத்தம் வந்து சில நொடிகள் ஸ்டியரிங் இறுகும். பெல்ட் இழுவை சரியாக இருந்தால் இது குறைகிறது. முழுக்கத் திருப்பி அப்படியே பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். பம்பு முனகும், எண்ணெய் கொதிக்கும். மைலேஜில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஐடிலிங்கை மட்டும் கொஞ்சம் கூட்ட வேண்டியிருந்தது.

வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றி மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆவது பிரிவு பேசுகிறது. பட்டறைக்குப் போவதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள்.

இந்த வருடம் மாங்காய்ப் பருவத்தில் தோப்புக்கும் மண்டிக்கும் பாதி நடை என் மனைவிதான் ஓட்டினாள். முன்பு அவள் இந்த ஜீப்பைத் தொடவே மாட்டாள். அப்பா மறுபடி வத்தல்மலை ஏறுகிறார், விரலை மட்டும் இன்னும் வெளியேதான் வைக்கிறார். போன வாரம் ஜாக்கி வைத்து ஆட்டிப் பார்த்தபோது டிராக் லிங்க் (ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரப் பக்கம் போகும் கம்பி) முனையில் லேசாக ஆட்டம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதை மாற்ற வேண்டும்.