பாயிண்டைக் கழற்றக் கொடுக்கும் முன் காயிலை அளந்து பாருங்கள்

நீலகிரியில் பழைய பத்மினி, அம்பாசிடர் கார் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். குன்னூர்ப் பக்கம் ஒரு மெக்கானிக், பாயிண்டை (தீப்பொறிக்காக மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் சிறு சுவிட்சை) எடுத்துவிட்டு, அதே வேலையை ஒரு மின்னணு மாட்யூலால் செய்யும் எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்தித் தருகிறார். அந்த ஏற்பாட்டில் குறையில்லை. பாயிண்ட் முனை கருகும், இடைவெளி மாறும். மாட்யூலில் அந்தத் தொல்லை கிடையாது. என் காரில் அவர் பொருத்திய பொருளில்தான் வில்லங்கம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது, பர்லியாறு தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் சட்டென்று நின்றது. பாயிண்ட் என்றால் சாகும் முன் கொஞ்சம் திணறிக் காட்டும். இது விளக்கை அணைத்ததுபோல் போனது. பின்னால் அரசு பஸ் ஹாரன் அடிக்க, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு பானெட்டைத் திறந்தேன். தீப்பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலில் கை வைக்க முடியவில்லை, அப்படிக் கொதித்தது.

வீட்டில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். காயிலின் இரு முனைகளுக்கு இடையே 1.5 ஓம். "பவர் காயில்" என்று தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு மாட்டிய காயில் அது! காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தைக் குறைக்கும் பாலஸ்ட் ரெசிஸ்டர் எங்கும் இல்லை. நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு வரும் இத்தகைய மாட்யூல்களில் பல 3 ஓம் காயில் கேட்பவை. 12 வோல்ட்டில் 3 ஓம் என்றால் 4 ஆம்பியர், 1.5 ஓம் என்றால் 8. மாட்யூல் வெந்துபோகாமல் என்ன செய்யும்? மாட்யூலை மூடியிருந்த டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால், மாட்யூல் மேல் இருந்த எழுத்தெல்லாம் சுரண்டப்பட்டிருந்தது. புதியது என்று சொல்லித்தான் விற்றார்.

கேட்டதற்கு, "மலைப் பனி சார், ஈரம் இறங்கிவிட்டது" என்றார். பிசின் ஊற்றி அடைத்த மாட்யூலுக்குள், சுள்ளென்று வெயில் அடித்த நாளில்!

இதைவிட எரிச்சல், என் பழைய பாயிண்ட் தட்டையும் கண்டென்சரையும் காயிலையும் காயலான் கடைக்குப் போட்டுவிட்டாராம். அவை டிக்கியில் இருந்திருந்தால் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் போதும், அந்த வளைவிலேயே மாற்றி மாட்டி வீடு வந்திருக்கலாம். எங்கே வேலைக்குக் கொடுத்தாலும் கழற்றிய உருப்படிகளைக் கையோடு வாங்கிவிடுங்கள். மாட்யூல் பெட்டியை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். தீப்பொறி விழும் நேரத்தைச் சரிபார்க்கும் டைமிங் லைட் அவரிடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இவர் டைமிங்கைக் காதால் கேட்டே வைத்தார், ஏற்றத்தில் எஞ்சின் தட்டியது.

பணத்தைக் கேட்டேன். பாதி விலைக்கு இன்னொரு மாட்யூல் தருகிறாராம். அதற்கும் பில் கிடையாதாம்.