பழைய மிராய் வாங்கலாமா? ஆண்டுக்கணக்கில் ஓட்டினால் தெரியவரும் கணக்கு

கலிபோர்னியாவில் ஹைட்ரஜனில் ஓடும் பழைய டொயோட்டா மிராய் கார் விற்கும் விலையைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். 2021-இல் ஏறக்குறைய 50,000 டாலருக்கு வந்த இரண்டாம் தலைமுறைக் கார், இன்று அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கிடைக்கிறது. சான் ஹோசே, ஃப்ரீமான்ட் பக்கம் இருக்கும் நம்மவர்களும் விசாரிக்கிறார்கள். காரைச் சோதித்துப் பார்ப்பதற்கு முன்னால், நீங்கள் ஹைட்ரஜன் நிரப்பப் போகும் நிலையத்தை ஒரு மாதம் கவனியுங்கள். இந்தக் காரின் நல்லது கெட்டது எல்லாம் அங்கேதான் தீர்மானமாகிறது.

ஓட்டுவதில் குறை சொல்ல முடியாது. ஹைட்ரஜனை மின்சாரமாக்கும், 330 செல் அடுக்கிய 128 கிலோவாட் ஃப்யூயல் செல், சத்தமே இல்லாத பின்சக்கர ஓட்டம், மூன்று டேங்கில் 5.6 கிலோ ஹைட்ரஜன். அமெரிக்க அரசு மதிப்பீடு 402 மைல், அதாவது 647 கிலோமீட்டர். நிலையம் மூடியிருக்குமோ என்ற பயத்தில் கால் டேங்குக்குக் கீழே யாரும் இறக்குவதில்லை என்பதால், கைக்குக் கிடைப்பது 450 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செல் அடுக்கின் வெப்பமே உள்ளே ஹீட்டருக்குப் போவதால், குளிர்காலத்தில் பேட்டரிக் கார் அளவுக்கு மைலேஜ் இறங்காது. நீளமான டேங்க் ஒன்று காரின் நடுவில் படுத்திருக்கிறது. அதனால் பின்சீட்டின் நடுவில் பெரியவர் உட்கார முடியாது. டிக்கியும் 272 லிட்டர்தான்.

ஐந்து நிமிடத்தில் நிரப்பலாம் என்பது விளம்பரத்தில் சொல்வது. வரிசையில் முதல் ஆளாக இருந்தால் அது உண்மையும்கூட. 700 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) அழுத்தும்போது டேங்குக்குள் வாயு சூடாகும். டேங்கின் வெப்பநிலை 85 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது. ஆகவே நிலையம் ஹைட்ரஜனை மைனஸ் 40 டிகிரிக்குப் பக்கமாகக் குளிர்வித்து அனுப்புகிறது. நாலைந்து கார்கள் அடுத்தடுத்து நிரப்பினால் நிலையத்தின் உயர் அழுத்தச் சேமிப்பு இறங்கிவிடும், குளிரூட்டியும் திணறும். ஆறாவது கார்க்காரர் இருபது நிமிடம் காத்திருப்பார், அல்லது முக்கால் டேங்கோடு போவார்.

நிரப்பும் குழாயின் முனை காரில் ஒட்டிக்கொள்வது இன்னொரு தொல்லை. அந்தக் குளிரில் காற்றின் ஈரம் முனைமேல் உறைந்து, காரின் வாயோடு பிடித்துக்கொள்ளும். பனிமூட்டக் காலையில், முந்தைய கார் நகர்ந்த உடனே நிரப்பினால் இது அதிகம். ஆட்டிப் பிடுங்கக் கூடாது. தண்ணீர் ஊற்றக் கூடாது, அதுவும் உறைந்துவிடும். கையுறை போட்டு முனையைப் பிடித்தபடி சில நிமிடம் பொறுத்தால் பிடி தளரும், பிறகு நேராக இழுக்கலாம். முனை மாட்டும் முன் வாய்ப்பகுதியை உலர்ந்த துணியால் துடைப்பது வழக்கமாகட்டும். காரும் நிலையமும் அகச்சிவப்புக் கதிர் வழியாகத்தான் டேங்கின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் பேசிக்கொள்கின்றன. அந்தக் கண்ணாடியில் அழுக்கோ பனியோ இருந்தால் பேச்சு அறுந்து, நிலையம் பாதுகாப்புக்காக முன்கூட்டியே நிறுத்திவிடும். பாதியில் நின்றால் முனையைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பாருங்கள். எச்35 என்று எழுதிய முனையில் நிரப்பினால் 350 பார் மட்டுமே ஏறும். கொள்ளளவில் சுமார் 60 சதவீதம்.

எந்த நிலையம் திறந்திருக்கிறது, எத்தனை கிலோ இருப்பு என்பதை மாநிலத்தின் ஹைட்ரஜன் கூட்டமைப்பு நடத்தும் நேரலை வரைபடத்தில் பார்க்கலாம். பார்க்காமல் கிளம்பக் கூடாது. லாஸ் ஏஞ்சலஸ் - சான் பிரான்சிஸ்கோ பயணத்தில் ஐ-5 சாலையின் நடுவில் நம்பியிருப்பது கோலிங்கா அருகே ஹாரிஸ் ரான்ச் நிலையத்தை மட்டுமே. அது பழுதென்றால் பயணமே இல்லை. வழியில் தீர்ந்தால் கேனில் வாங்கிவர முடியாது. திறந்திருக்கும் நிலையத்துக்கு வண்டியை ஏற்றிக்கொண்டுதான் போகவேண்டும். 2019 ஜூனில் சான்டா கிளாராவில் நடந்த வெடிவிபத்துக்குப் பிறகு வட கலிபோர்னியாவில் பல வாரம் ஹைட்ரஜன் தட்டுப்பாடு. 2024 பிப்ரவரியில் ஷெல் நிறுவனம் மாநிலத்தில் கார்களுக்கான தன் நிலையங்களை மூடியது. மூடிய நிலையத்தை நம்பி வாங்கியவருக்கு அடுத்தது முப்பது மைல் தள்ளி இருக்கலாம்.

இனி விலை. ஒரு கிலோவில் சுமார் 72 மைல். கிலோ 16 டாலர் இருந்த காலத்தில், புதுக் காரோடு தந்த 15,000 டாலர் எரிபொருள் அட்டை 67,000 மைல் ஓட்டியது. 2023 இறுதியில் கிலோ 36 டாலரைத் தொட்டபோது அதே அட்டை 30,000 மைலில் தீர்ந்தது. பழைய கார் வாங்குகிறவருக்குப் பெரும்பாலும் அந்த அட்டையும் கிடையாது. 36 டாலர் கணக்கில் 100 கிலோமீட்டருக்கு 31 டாலர். டெஸ்லா மாடல் 3 போன்ற பேட்டரிக் காருக்கு அதே தூரத்துக்குச் சுமார் 15.5 யூனிட், வீட்டில் யூனிட் 35 சென்ட் என்றால் ஐந்தரை டாலர். வேகச் சார்ஜரில் 50 சென்ட் கொடுத்தாலும் எட்டு டாலருக்குள் முடிகிறது. கேலன் ஐந்து டாலர் பெட்ரோலில் ஓடும் டொயோட்டாவின் ஹைப்ரிட் கார் பிரியஸ்கூட ஐந்தரை டாலரில் போய்விடும்.

இந்த இடைவெளி வெறும் சந்தைக் கோளாறு அல்ல. ஒரு கிலோ ஹைட்ரஜனை மின்பகுப்பில், அதாவது தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து எடுத்து, அழுத்தி, குளிர்விக்க ஏறக்குறைய 60 யூனிட் மின்சாரம் வேண்டும். மிராய் அதில் 116 கிலோமீட்டர் போகும். அதே 60 யூனிட்டைப் பேட்டரியில் ஏற்றினால் 380 கிலோமீட்டருக்கு மேல். தொழில்நுட்பம் எவ்வளவு முன்னேறினாலும் இந்த மூன்று மடங்கு வித்தியாசம் எளிதில் கரையாது. தினமும் ஒரே தடத்தில் ஓடித் தன் நிலையத்துக்கே திரும்பும் லாரிகளுக்கு வேறு கணக்கு. சுவிட்சர்லாந்தில் ஹூண்டாய் எக்ஸியன்ட் ஹைட்ரஜன் லாரிகள் 2020-இல் ஓடத் தொடங்கின.

பராமரிப்பில் இரண்டு விஷயம். காற்று வடிகட்டி தூசியோடு கந்தக, நைட்ரஜன் வாயுக்களையும் பிடிப்பது. செல்லுக்குள் இருக்கும் பிளாட்டினம் பூச்சைக் காப்பது அதுதான். மலிவான மாற்று வடிகட்டி போட்டால் செல் அடுக்கே கெடும். காட்டுத்தீப் புகைக் காலத்துக்குப் பிறகு முன்கூட்டியே மாற்றுவது நல்லது. அடுத்தது குளிர்விப்பு நீர்: மின்சாரம் கடத்தாத தனி ரகம், அதற்கென்று அயனி வடிகட்டியும் உண்டு. சாதாரண கூலன்ட் ஒரு சொட்டும் சேர்க்கக் கூடாது. இந்த வேலை தெரிந்த மெக்கானிக் எல்லா டீலரிடமும் இருக்கமாட்டார்.

பேட்டரிக் காரில் கவலை வேறு. வேகச் சார்ஜரையே நம்பியிருந்தால் செலவு ஏறும். நிக்கல் கலந்த லித்தியம் பேட்டரியை நூறு சதவீதத்தில் வெயிலில் நிறுத்திவைத்தால் ஆயுள் குறையும். 80 சதவீதத்தோடு நிறுத்துவது போதும். வீட்டில் சார்ஜ் செய்ய வழியே இல்லாத அடுக்ககவாசி, வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் ஒன்றுக்கு இரண்டு நிலையம் உள்ளவர், எழுத்தில் உறுதி செய்த எரிபொருள் அட்டையோடு கார் கிடைப்பவர்: இந்த மூன்றும் சேர்ந்தவருக்கு மட்டும் மிராயைச் சொல்லலாம்.

அப்படி வாங்கப் போனால், எரிபொருள் மூடியைத் திறந்து அங்குள்ள லேபிளைப் படியுங்கள். இந்தத் தேதிக்குப் பிறகு நிரப்பக் கூடாது என்று அதில் இருக்கும். டேங்குகளின் ஆயுள் தயாரித்ததிலிருந்து 15 ஆண்டு. 2016 காருக்கு அந்தத் தேதி 2031-ஐ ஒட்டி வரும். எஞ்சியிருக்கும் ஆண்டுகளால் விலையை வகுத்துப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.