கையில் ஊசியே குத்தாமல் 7,500 ரூபாய்க்கு ரத்தச் சிகிச்சை! ஞானப்பல் எடுக்கப் போகிறவர்கள் கவனம்

ஞானப்பல் எடுக்க நாள் குறித்தவர்களும், எடுத்துவிட்டு வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருப்பவர்களும் இதைப் படித்துவிடுங்கள். தம்பிக்குப் போன வியாழக்கிழமை எடுத்தது. பறிபோனது 14,900 ரூபாய். பல் எடுத்த கூலி இதில் சேராது. அது தனியாக 8,500, அதில் எனக்குக் குறையில்லை, அறுவை செய்தவர் கைத்திறமை உள்ளவர்தான். இந்த 14,900 'சீக்கிரம் குணமாக' என்று தலையில் கட்டிய பேக்கேஜ். என்ன செய்யலாம், கூடாது என்பதைக் கடைசியில் வரிசையாகத் தருகிறேன், முதலில் இதைக் கொட்டிவிடுகிறேன்.

இடம், சென்னையில் நாலைந்து கிளை வைத்திருக்கும் ஒரு பல் கிளினிக். புகார் கொடுக்கப் போவதால் பெயர் போடவில்லை. டாக்டரைப் பார்க்கும் முன்பே 'கோஆர்டினேட்டர்' என்று ஒருவர் உட்கார்ந்து பேசும் வகை.

நம்பவைத்த விதத்தைக் கேளுங்கள். முழுத் தாடையையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேவைத் திரையில் போட்டிருக்கிறார்கள். கீழ்த்தாடை ஞானப்பல் சாய்ந்து முன்னால் இருக்கும் பல்லை முட்டிக்கொண்டிருக்கிறது. வேருக்கு அடியில் தாடை நரம்பு போகும் பாதையைச் சிவப்பில் கோடு இழுத்துக் காட்டி, "பாருங்க சார், நரம்பு எவ்வளவு கிட்ட ஓடுது. பிஆர்எஃப் வெச்சா சேஃப். நாலாம் நாள் பிரியாணி சாப்பிடலாம்" என்றாராம் கோஆர்டினேட்டர். பிஆர்எஃப் என்றால் புண் சீக்கிரம் ஆற என்று நம் ரத்தத்திலிருந்தே திரட்டும் ஒரு படலம். நரம்பு கிட்டே ஓடுவது உண்மை. அந்த உண்மையைக் காட்டித்தான் பொய்யை விற்றார்கள். வேர் நரம்பைத் தொடுகிறதோ என்று சந்தேகம் வந்தால் சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். ரொம்ப ஆபத்தென்றால் வேரை உள்ளேயே விட்டுவிட்டுப் பல்லின் மேல்பகுதியை மட்டும் வெட்டி எடுப்பார்கள். பிஆர்எஃப் என்பது பல் எடுத்த பிறகு குழிக்குள் வைப்பது. எடுக்கும்போது நரம்பில் அடிபடாமல் அது எப்படிக் காக்கும்? உதடு மரத்தே போய்விடுமோ என்ற பயத்தில் தம்பி கார்டை நீட்டிவிட்டான்.

பில்லில் இருந்தது: பிஆர்எஃப் 7,500, லேசர் மூன்று முறை 4,500, கிட் 1,400, மறுபரிசோதனை 1,500. கூட்டினால் 14,900.

பிஆர்எஃப் செய்ய முதலில் முழங்கை மடிப்பில் ஊசி குத்தி ரத்தம் எடுக்க வேண்டும். அதை உறையாமை மருந்து எதுவும் கலக்காத குழாயில் பிடித்து, உடனே சென்ட்ரிஃபியூஜில் போட்டுப் பத்து நிமிடம் போலச் சுற்றினால், நடுவில் மஞ்சளாக ஜெல்லி மாதிரி ஒரு படலம் திரளும். அதைக் குழிக்குள் வைத்துத் தைப்பார்கள். தம்பி கையில் ஊசி குத்தவே இல்லை. பல் மருத்துவமனையில் உதவியாளராக இருந்தவள் நான், என்னிடம் அவன் பில்லை அனுப்பியதே நேற்று ராத்திரிதான். கோஆர்டினேட்டரிடம் கேட்டால், "மரக்குற ஊசி போட்டிருந்தோம் மேடம், அவருக்குத் தெரிஞ்சிருக்காது" என்கிறார். தாடைக்குப் போட்ட ஊசி கையை மரக்க வைக்குமா!

கிட்டைத் திறந்தால் ஐஸ் பேக், சின்ன மவுத்வாஷ், பிரஷ், சத்து மாத்திரை ஒரு அட்டை, கூடவே வளைகிற ஸ்ட்ரா ஒன்று. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதீர்கள் என்று அச்சடித்த தாளும் அதே பைக்குள்! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. லேசர் ஒரே ஒரு முறை, இரண்டு நிமிடம்.

ஞாயிற்றுக்கிழமை, அதாவது மூன்றாம் நாள், வலி திரும்பியது. இதைக் கவனியுங்கள். பல் எடுத்தால் வீக்கம் இரண்டு மூன்று நாள் ஏறி அப்புறம் வடியும், வலி நாளுக்கு நாள் குறையும். குறைந்துகொண்டிருந்த வலி மூன்றாம் நாள் வாக்கில் திடீரென்று ஏறி, காதுவரை இழுத்து, வாயில் கெட்ட வாடையும் அடித்தால் அது பெரும்பாலும் ட்ரை சாக்கெட். குழியில் உறைந்து நிற்க வேண்டிய ரத்தம் கரைந்தோ பெயர்ந்தோ போய் எலும்பு வெறுமையாக நிற்கிறது என்று அர்த்தம். கீழ் ஞானப்பல்லில் அடிக்கடி வருவதுதான், யார் எடுத்தாலும் வரலாம். அதற்காக அந்த டாக்டரைத் திட்டவில்லை. ஆனால் அந்தக் குழியை ஒரு ஆள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டுமா இல்லையா? அதற்குத்தானே 1,500?

திங்கள், கிளினிக்கில் கேட்டதற்கு: "நார்மல்தான் சார், பல் எடுத்தா வலிக்கத்தானே செய்யும்." சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு ஆன்டிபயாடிக் பெயர். குழி வெறுமையாகக் கிடக்கும்போது மாத்திரை அந்த வலியை நிறுத்தாது, கழுவி மருந்து வைக்க வேண்டும். செவ்வாய்: நேரில் போனால், "சர்ஜன் விசிட்டிங் டாக்டர் சார், இனி சனிக்கிழமைதான் வருவார்." பணத்தைக் கேட்டால், "பேக்கேஜ் நான்-ரீஃபண்டபிள்." கடைசியாக, "சிகரெட் பிடிச்சீங்களா?" அவன் வாழ்நாளில் தொட்டதில்லை. 14,900 வாங்கும்போது இந்தக் கேள்வி வரவில்லையே!

இன்று காலை அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போனேன். பயிற்சி டாக்டர் ஒரு பெண் எட்டிப் பார்த்ததுமே ட்ரை சாக்கெட் என்று சொல்லிவிட்டார். சலைன் விட்டுக் கழுவி, கிராம்பு எண்ணெய் வாடை அடிக்கும் யூஜினால் மருந்தைக் குழியில் வைத்தார். அரை மணி நேரத்தில் தம்பி முகம் தெளிந்துவிட்டது. அங்கே கட்டியதைவிட ஆட்டோவுக்குக் கொடுத்தது அதிகம்.

வரிசையாக எழுதுகிறேன் என்றேன், மனசு கொதிக்கிறது, ஞாபகம் வருவதைச் சொல்கிறேன்.

பஞ்சை ஒரு மணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள், சும்மா சும்மா எடுத்துப் பார்க்காதீர்கள். முதல் நாள் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது. இளநீர் வாங்கினாலும் டம்ளரில் ஊற்றித்தான் குடிக்க வேண்டும். ஐஸ் முதல் நாள் மட்டும், கால் மணி வைத்து கால் மணி எடுத்து. மறுநாளிலிருந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, நாலைந்து தடவை, தலையைச் சாய்த்துத் தானாக வழிய விடுங்கள். தயிர்சாதத்தில் தாளிக்காதீர்கள், கடுகு நேராகக் குழிக்குள் போய் உட்காரும். மறுநாளும் உதடு மரத்தே இருந்தாலோ, பஞ்சு கடித்தும் ரத்தம் நிற்காவிட்டாலோ, விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமானாலோ வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பணம் கட்டும் முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "நாலாம் நாள் வலித்தால் யார் பார்ப்பார், அவர் அன்றைக்கு இருப்பாரா?" பில்லைத் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள், எக்ஸ்ரேவையும் கையோடு வாங்கிவிடுங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தாயிற்று. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, 14,900-க்கும் போகலாம், போகிறேன். நாளைக்குத் தையல் பிரிக்க வேண்டும், குழியில் மருந்தும் மாற்ற வேண்டும். கோஆர்டினேட்டர் சற்றுமுன் மெசேஜ் போட்டிருக்கிறார்: "மிச்சமிருக்குற ரெண்டு லேசர் சிட்டிங்குக்கு எப்ப சார் வர்றீங்க?"