வனிலா ‘திரும்ப வாங்கும்’ திட்டத்துக்குக் காசு கட்ட முன் திகதியைப் பாருங்கள்

மாத்தளை, கேகாலை, கண்டிப் பக்கம் காணித்துண்டு வைத்துக்கொண்டு கொழும்பில் இருப்பவர்களைத் தேடி வருகிறது இந்த வனிலாத் திட்டம். எங்களில் ஏழு குடும்பங்கள் காசு கட்டி ஏமாந்திருக்கிறோம். முறைப்பாடு போயிருப்பதால் கம்பனியின் பெயரை எழுதவில்லை. பெயர் மாறினாலும் உடன்படிக்கை மாறாது என்பதால் ஓட்டை எங்கே என்பதை எழுதுகிறோம்.

100 கொடி, நிழல் வலை, தும்புத்தூள் எல்லாம் அவர்களே தருவார்கள். முழுக்காசும் முதலிலேயே. பதப்படுத்திய காயை அவர்களே வாங்குவார்கள், ஆனால் கையெழுத்திட்ட நாளிலிருந்து 3 வருடத்துக்கு மட்டும்.

அந்த 3 வருடம்தான் பொறி. 1 மீற்றர்க் கொடித்துண்டை நட்டு நன்றாகப் பராமரித்தால் இரண்டரை, மூன்று வருடத்தில் பூக்கும். காய் முற்ற 8 – 9 மாதம். பறித்த காயை 63 – 65 பாகை வெந்நீரில் 3 நிமிடம் அமிழ்த்தி, கம்பளியில் சுற்றி வியர்க்க வைத்து, வெயிலிலும் நிழலிலும் உலர்த்தி, மூடிய பெட்டியில் மணமேற விட இன்னும் சில மாதம். எல்லாம் சரியாக நடந்தாலும் விற்கக்கூடிய முதல் காய் கைக்கு வர 4 வருடமாகும். அதற்குள் வாங்கும் பொறுப்பு முடிந்துவிடும்.

எங்களுக்கு வந்ததோ ஒன்றரைச் சாண் துண்டுகள். அவை பூக்க இன்னும் பிந்தும். ஒரு நீளக் கொடியை நான்கைந்தாக நறுக்கினால் விற்பவருக்குத்தான் ஆதாயம்.

வந்த விதமும் பிழை. வெட்டிய கொடியை நிழலில் ஒரு வாரம் வாட விட்டு, வெட்டுவாய் காய்ந்த பிறகே நடவேண்டும். இவை ஈரச் சாக்கில் சுற்றி வந்தன. அடியை விரலால் அழுத்தினால் தோல் வழுகிக் கபில நிறத் தண்ணீர் கசிந்தது. பியுசேரியம் பங்கசு தரும் அழுகல் இப்படித்தான் இருக்கும்; அது மண்ணில் பல காலம் தங்கிவிடும். கேட்டபோது, நாங்கள் தண்ணீர் அதிகம் விட்டோம் என்றார்கள். தண்ணீர் தேங்கினால் நோய் பரவும், உண்மை. ஆனால் இவை நடும் முன்பே அழுகியிருந்தன.

துண்டுப்பிரசுரத்தில் ஒரு கொடிக்கு 1 கிலோ பதப்படுத்திய காய் என்று போட்டிருந்தது. கணக்குப் பாருங்கள்: நல்ல கொடியில் 10 பூங்கொத்து, கொத்துக்கு 8 காய் விட்டால் 80 காய். ஒன்று 15 – 20 கிராம் என்றால் பச்சையாக 1.2 – 1.6 கிலோ. ஏறக்குறைய 6 கிலோ பச்சைக்காய்தான் 1 கிலோவாக வற்றும். ஆக, மிஞ்சிப்போனால் 200 – 270 கிராம்.

விலையும் அப்படியே. மடகஸ்கார் காய் கிலோ 600 டொலர் வரை போன 2018-ஐ வைத்துக் கணக்குக் காட்டுகிறார்கள். பிறகு அது மிகவும் இறங்கிவிட்டது. 2003-இன் விலையேற்றத்தை நம்பிக் கொடி வாங்கிய கேரள, கர்நாடக விவசாயிகள் இரண்டே வருடத்தில் பட்ட நட்டம் சின்னதல்ல.

‘வாரத்தில் ஒரு மணித்தியாலம் போதும்’ என்பதும் பொய். விடியலில் விரியும் பூ அன்று பிற்பகலே வாடிவிடும். அதற்குள் கையால் மகரந்தம் சேர்த்தால்தான் காய் பிடிக்கும்: ஈர்க்கு முனையால் நடுவிலுள்ள மெல்லிய மடலைத் தூக்கி, மகரந்தத்தைப் பெருவிரலால் சூல்முடியில் அழுத்த வேண்டும். 1841-இல் ரியூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் கண்ட முறைதான் இன்றும். பூக்காலம் முழுக்க ஒவ்வொரு காலையும் தோட்டத்தில் ஆள் நிற்கவேண்டும். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு அது நடக்காது.

காசு கட்ட முன் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். அந்த இடத்துக்கு வனிலா சரிவருமா, நல்ல கொடி எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். உடன்படிக்கையில் கொடியின் குறைந்த நீளம் எழுதப்பட வேண்டும். வாங்கும் காலம் முதல் பூவிலிருந்து தொடங்க வேண்டும். பச்சைக்காய்க்கும் விலை வேண்டும். பாதிக் காசு கொடியைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே.

ஏற்கனவே நட்டவர்கள் அழுகிய கொடிகளைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, வேரோடு பிடுங்கி எரியுங்கள். அதிலிருந்து துண்டு வெட்டி அயலுக்குக் கொடுக்காதீர்கள். காசு கட்டிய வங்கிப் பற்றுச்சீட்டின் மூலப்பிரதியை ‘சரிபார்க்க’ என்று கம்பனிக்காரர் கேட்பார்கள். எங்களில் இருவர் கொடுத்தார்கள், திரும்பி வரவில்லை. நிழற்பிரதியை மட்டும் கொடுங்கள்.