பையில் வரும் சுண்ணாம்புக் காரை: பழைய கடைவீட்டுக்குச் சரிப்படுமா?

பினாங்கின் ஜார்ஜ்டவுன், மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய ஊர்களின் கடைவீடுகளில் (கீழே கடை, மேலே வீடு) கீழ்த்தளச் சுவர் பொரிந்து உதிர்ந்தால் செங்கலைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி பிற்காலத்தில் அப்பிய சிமெண்டு. இந்தச் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. அடியில் ஓதத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகிவிடும். சிமெண்டு பூசினால் அது வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். கூரை ஒழுகி இறங்கும் தண்ணீரும் உள்ளேயே தங்கும். மாடியைத் தாங்கும் மர உத்தரங்களின் முனைகள் இருபக்கப் பொதுச்சுவருக்குள் செருகியிருப்பதால், முதலில் உளுத்துப்போவது அவைதான். கடைவீட்டின் அகலத்தையே அந்த மரங்களின் நீளம்தான் தீர்மானித்தது என்பதால் மாற்று மரம் தேடுவதும் லேசல்ல.

அதனால் 25 கிலோ பைகளில் மணலோடு கலந்தே வரும் சுண்ணாம்புக் காரை நல்ல சரக்குதான். என்.எச்.எல். (தண்ணீர் பட்டு இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு) 3.5 ரகம் போதும். எண் கூடினால் கடினமும் கூடும். 5 இந்த மிருதுவான செங்கலுக்கு அதிகக் கடினம். மணலைச் சலித்துக் கழுவியே கலந்திருப்பார்கள், உப்பு மணல் பயம் இல்லை. ஆனால் முன்பக்கத்தில் ‘சுண்ணாம்பு’ என்று பெரிதாகப் போட்டுவிட்டு, பின்பக்கப் பட்டியலில் வெள்ளைச் சிமெண்டைச் சேர்த்திருக்கும் பைகளும் உண்டு. அதைத் தொடவே வேண்டாம். 10 மி.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 15 கிலோ பிடிக்கும். ஒரு பை இரண்டு சதுர மீட்டருக்குக்கூட வராது.

பழைய சிமெண்டை உளியால் கொத்தி எடுங்கள். மின்சுத்தியல் வைத்தால் செங்கல் முகமும் சேர்ந்து பெயர்ந்துவிடும். ஓதக் கறைக்கு மேலே 30 செ.மீ. வரை எடுக்க வேண்டும். பூத்திருக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டுங்கள். கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும். பூசுவதற்கு முந்தின நாள் மாலையே சுவரை நனைத்துவிட்டு, மெல்லிய ஒட்டுப்பூச்சு, 10 மி.மீ. நடுப்பூச்சு, 3 மி.மீ. மேல்பூச்சு என்று ஏற்றலாம். இறுகத் தொடங்கிய கலவையில் தண்ணீர் விட்டுக் கிளறும் கொத்தனாரைத் தடுத்து நிறுத்துங்கள்.

காய்வதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வெயில் படும் முகப்பில் ஈரச்சாக்கு தொங்கவிட்டு, நாலைந்து நாள் தண்ணீர் தெளிக்காவிட்டால் அன்று மாலையே மயிரிழை விரிசல் ஓடும். ஐந்தடிப் பாதையின் (கடை முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதை) நிழலில் இந்தத் தொல்லை குறைவு. முதல் சில மாதங்கள் வெள்ளைப்பொடி பூத்தால் சரக்கு மோசம் என்று எண்ண வேண்டாம். சுவர் உப்பைக் கக்குகிறது.

மேலே எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் அதுவும் ஈரத்தை அடைத்துவிடும், செலவு அத்தனையும் வீண். சுண்ணாம்பு வெள்ளையை நாலு மெல்லிய பூச்சு அடிக்கலாம், அல்லது சிலிகேட் பெயிண்ட். பக்கத்து வீட்டுக்காரர் தம் பக்கம் சிமெண்டு வைத்திருந்தால் பாதிப் பலன்தான். நடுமுற்றத்தைப் பாலிகார்பனேட் தகடால் மூடிய வீட்டில் காற்றோட்டம் இல்லாததால் அதுவும் கிடைக்காது. முதலில் தகட்டைக் கழற்றுங்கள்.

ஒரு சுவருக்கு இந்தப் பை சௌகரியம். முழு வீட்டுக்கு என்றால் அதே சுண்ணாம்பைத் தனியாக வாங்கி, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு கழுவிய மணல் கலந்துகொள்வதே கட்டுப்படியாகும்.