லாஸ் ஏஞ்சலஸில் மலிவாக டாக்கோ: வண்டியா, ஓட்டலா, சூப்பர்மார்க்கெட் கறிக் கவுன்ட்டரா?

லாஸ் ஏஞ்சலஸில் குறைந்த செலவில் மெக்சிகன் சாப்பாடு எங்கே என்று கேட்டால் எல்லோரும் தெருவோர டாக்கோ வண்டியைத்தான், அதாவது டோர்ட்டியா என்ற மெல்லிய மக்காச்சோள ரொட்டியில் கறி வைத்து மடித்துத் தரும் வண்டியைத்தான் கைகாட்டுவார்கள். தனியாகச் சாப்பிடுபவருக்கு அது சரியான பதில். வீட்டில் நான்கு பேர் என்றால் கணக்கு மாறிவிடும். மெக்சிகன் சூப்பர்மார்க்கெட்டுகளுக்குள் இருக்கும் சூடான கறிக் கவுன்ட்டரில் பவுண்டு கணக்கில் கறி வாங்கி, அங்கேயே சுடும் டோர்ட்டியாவையும் சேர்த்து எடுத்துப் போவதுதான் இந்த ஊரில் காசுக்கேற்ற சாப்பாடு. நார்த்கேட் கொன்சாலெஸ், வயார்த்தா போன்ற கடைகள் நகரைச் சுற்றி நிறைய இருக்கின்றன. என் சாய்வு இந்தப் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 16 டாலர் தட்டு, 4 டாலர் பானம், ஏறக்குறைய 10 சதவீத விற்பனை வரி, 18 சதவீத டிப்ஸ். மெனுவில் 16 என்று பார்த்தது எழுந்திருக்கும்போது 25 டாலரைத் தாண்டியிருக்கும். நான்கு பேருக்கு நூறு டாலர். செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு இது மாதம் ஒருமுறை விஷயம்.

வண்டிக்கும் மார்க்கெட்டுக்கும் இடையில்தான் உண்மையான போட்டி. அதைத் தீர்மானிப்பது ஒரே ஒரு விஷயம்: ஒரு டாக்கோவில் எத்தனை கிராம் கறி இருக்கிறது?

வண்டி டாக்கோவில் சுமார் ஒன்றரை முதல் இரண்டு அவுன்ஸ் கறி இருக்கும். 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம், வெந்த கறியில் ஒன்பது டாக்கோ வரும். வண்டியில் ஒன்று 3 டாலர் என்றால் அந்த ஒன்பதுக்கு 27 டாலர். மார்க்கெட்டில் கார்னீட்டாஸ் என்ற வெந்த பன்றிக் கறி பவுண்டு 12 டாலர் வாக்கில் இருக்கும். கடைக்குக் கடை ஒன்றிரண்டு டாலர் ஏறி இறங்கும், வார விளம்பரத் தாளில் வந்தால் இன்னும் குறையும்.

நான்கு பேருக்கு ஆளுக்கு நான்கு வீதம் பதினாறு டாக்கோ போடலாம். கறி ஒன்றே முக்கால் பவுண்டு, 21 டாலர். சூடாக வாங்குவதால் வரி 2 டாலர். முப்பது சோள டோர்ட்டியா உள்ள கட்டு 3 டாலர், ஒரு டப்பா சால்சா, அதாவது மெக்சிகன் காரச் சட்னி, 4 டாலர், வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை எல்லாம் சேர்த்து 2 டாலர். மொத்தம் 32. வண்டியில் இதே பதினாறுக்கு 48 டாலரும் டிப்ஸும் ஆகும். அதோடு, கடை டோர்ட்டியா ஆறு அங்குலம். வண்டியில் கொடுப்பது நாலு, நாலரை அங்குலம்தான். பாதிக் கட்டு மறுநாளுக்கும் மிஞ்சும்.

ஆனால் ஆள் குறையக் குறைய இந்த லாபமும் கரையும். ஒருவருக்கு முழு டப்பா சால்சாவும் முழுக் கட்டு டோர்ட்டியாவும் வீண். இரண்டு பேருக்கு ஓரளவு மிச்சம், மூன்று பேரிலிருந்துதான் வித்தியாசம் கையில் தெரியும்.

இனி வாங்கும் முறை. கவுன்ட்டர் அருகே நம்பர் சீட்டு தரும் இயந்திரம் இருக்கும். சீட்டைக் கிழிக்காமல் நின்றால் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். கார்னீட்டாஸ் என்பது பன்றிக் கறியை அதன் கொழுப்பிலேயே மெதுவாக வேகவைத்து எடுப்பது, மிச்சோவாக்கான் மாநிலத்து முறை. கேட்கும்போது எந்தப் பகுதி என்று சொல்ல வேண்டும். ‘மசீசா’ என்றால் தனிச் சதை, ‘குயெரீத்தோ’ தோல், ‘புச்சே’ இரைப்பை, ‘கொஸ்தீயா’ விலா எலும்பு. எல்லாம் கலந்து வேண்டும் என்றால் ‘சுர்த்தீதா’. முதல்முறை வாங்குபவர்கள் பயந்துகொண்டு மசீசா மட்டும் வாங்குவார்கள். அது வீட்டுக்கு வருவதற்குள் வறண்டு நாராகிவிடும். தோலும் கொழுப்பும் கொஞ்சம் கலந்தால்தான் கறி ஈரமாக இருக்கும். மூன்று பங்கு சதை, ஒரு பங்கு தோல் என்று கேட்பது நல்ல அளவு. விலா எலும்பு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ருசிதான், ஆனால் எலும்புக்கும் அதே பவுண்டு விலை கொடுக்கிறீர்கள், கணக்கு உதைக்கும்.

நேரமும் முக்கியம். சனி, ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து ஒரு மணிக்குள் போனால் புதிதாக எடுத்த கறி கிடைக்கும், விற்பனையும் வேகமாக இருக்கும். வாரநாள் மாலையில் விளக்கடியில் மணிக்கணக்காகக் கிடந்தது வரலாம். தட்டில் கறியின் ஓரம் கறுத்து, கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தால் வாங்காமல் திரும்புங்கள்.

பெரும்பாலும் கெட்டுப்போவது கடைக்கும் வீட்டுக்கும் நடுவில். மூடிய டப்பாவில் ஆவி அடங்கினால் மொறுமொறுவென்றிருந்த ஓரங்கள் நமத்துவிடும், அதனால் மூடியை ஒரு பக்கம் திறந்து வையுங்கள். டோர்ட்டியாவுக்கும் இதேதான். சுடச்சுடக் கட்டிய பையில் நீர் கோத்து, அடியில் உள்ளவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது கிழியும். பையின் வாயைத் திறந்து, படுக்கையாக வைத்துக் கொண்டுபோங்கள்.

வீட்டில் மைக்ரோவேவ் வேண்டாம். கனமான வாணலியை மிதமான தீயில் காயவைத்து, எண்ணெய் விடாமல், கறியை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். கொழுப்பு தானே உருகும். மூன்று நான்கு நிமிடம் கிளறக் கூடாது. அடி பொன்னிறமானதும் ஒருமுறை புரட்டினால் போதும். நெருக்கிப் போட்டால் வறுபடாமல் புழுங்கும். டோர்ட்டியாவை நேரடித் தீயில் பக்கத்துக்கு இருபது முப்பது வினாடி காட்டித் துணியில் சுற்றி வையுங்கள். சூடு காட்டாத சோள டோர்ட்டியா மடித்த இடத்தில் உடையும். வாங்கும்போது உறையைப் பாருங்கள்: சோளம், தண்ணீர், சுண்ணாம்பு, இவ்வளவுதான் இருக்க வேண்டும். மீதக் கறியை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும்.

அப்படியானால் வண்டிக்குப் போகவே வேண்டாமா? கட்டாயம் போக வேண்டும், இரண்டு சாப்பாட்டுக்கு. முதலாவது அல் பஸ்தோர். மிளகாயும் அச்சியோத்தே என்ற சிவப்பு விதை மசாலாவும் பூசிய பன்றிக் கறியைச் செங்குத்துக் கம்பியில் அடுக்கி, நெருப்பு முன் சுழலவிட்டு மேலோட்டமாகச் சீவித் தருவது. லெபனானிலிருந்து மெக்சிகோவுக்கு வந்தவர்களின் ஷவர்மாவிலிருந்து வந்த முறை. சீவிய அடுத்த நிமிடமே சாப்பிட வேண்டும், கட்டி எடுத்துப் போனால் அது வேறு பண்டம். லா ப்ரேயாவும் வெனிஸ் சாலையும் சந்திக்கும் இடத்தில் நிற்கும் லியோஸ் டாக்கோஸ் வண்டியில் உச்சியில் இருக்கும் அன்னாசியைக் கத்தியால் தட்டி டாக்கோவிலேயே விழவைப்பார்கள். பல வண்டிகளில் இந்தக் கம்பி, ட்ரோம்போ, மாலையில்தான் ஏறும். கம்பி கண்ணில் படாமல் பலகையில் மட்டும் ‘அல் பஸ்தோர்’ என்றிருந்தால், மசாலா பூசிய துண்டுக் கறியை இரும்புக்கல்லில் வதக்கித்தான் தருவார்கள். அதற்கு 3 டாலர் கொடுப்பதற்கு வேறு கறி கேட்கலாம்.

இரண்டாவது, பொரித்த டாக்கோ. பாய்ல் ஹைட்ஸ் பகுதியில் ஒலிம்பிக் சாலையில் நிற்கும் மரீஸ்கோஸ் ஹலீஸ்கோ வண்டியின் இறால் டாக்கோவை மிஞ்சுவது கடினம். இறாலை உள்ளே வைத்து மடித்துப் பொரித்து, மேலே தக்காளிச் சால்சாவும் அவகாடோத் துண்டும். ஐந்து நிமிடம் ஆறினால் ஓடு நமத்துவிடும், எனவே நின்றபடியே சாப்பிடுவதுதான் முறை.

வண்டியில் சில நடைமுறைகள்: பல இடங்களில் ரொக்கம் மட்டும்தான், பக்கத்து ஏடிஎம் கட்டணமே ஒரு டாக்கோ விலை. கவுன்ட்டி சுகாதாரத் துறை ஒட்டியிருக்கும் சுகாதாரத் தர எழுத்தைப் (A, B, C) பாருங்கள். நடைபாதைக் கடைகளை நடத்துவதைக் குற்றமாகக் கருதக் கூடாது என்று 2018ல் கலிபோர்னியா சட்டம் வந்தபின் அவை பெருகிவிட்டன. எழுத்து ஒட்டாத இடத்தில் கை கழுவத் தண்ணீர் இருக்கிறதா, கறி தீயில் இருக்கிறதா, ஓரத்தில் ஆறிக் கிடக்கிறதா என்று பார்த்து முடிவெடுங்கள். தனியாளாக வயிறு நிறைய வேண்டும் என்றால் டாக்கோவை விட்டு, பெரிய கோதுமை டோர்ட்டியாவில் சுருட்டித் தரும் 12 டாலர் பரீட்டோ வாங்குங்கள். சோறும் பீன்ஸும் சேர்ந்து இரண்டு வேளைக்கு வரும்.

ஓட்டலுக்குப் போவதென்றால் மற்ற இரண்டிலும் கிடைக்காததற்கு மட்டும். கொரியாடவுனில் 1994 முதல் நடக்கும் கெலகெட்சா ஓட்டலின் மோலே அப்படிப்பட்டது. வறுத்த மிளகாய், விதைகள், மசாலாக்கள் எல்லாம் சேர்த்து அரைத்து நெடுநேரம் காய்ச்சும் குழம்பு, வண்டிக்காரரால் செய்ய முடியாது. கொஞ்சமாகச் செலவழித்து வகைவகையாகப் பார்க்க கிசாடோஸ் என்ற டாக்கோ கடையில் ஆறு சின்ன டாக்கோ கொண்ட சாம்ப்ளர் தட்டு இருக்கிறது. குழம்புக் கறிகள், கையால் தட்டிய டோர்ட்டியா. இருவர் பகிர்ந்தால் பசி தீராது, ருசி தெரியும்.

சைவர்களும் மாட்டுக்கறி, பன்றிக்கறி தவிர்ப்பவர்களும் மூன்று இடத்திலும் கேட்டே வாங்க வேண்டும். மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பும், சிவந்த சோற்றில் கோழிச் சாறும், ஆவியில் வேகவைக்கும் தமாலேயின் மக்காச்சோள மாவில் மறுபடி பன்றிக் கொழுப்பும் சேர்ப்பது சகஜம். பீன்ஸுக்கு ‘சின் மந்தேக்கா?’, கொழுப்பு இல்லாமலா, என்று கேளுங்கள். கோதுமை டோர்ட்டியாவிலும் சில இடங்களில் அது உண்டு. சோள டோர்ட்டியா பாதுகாப்பானது. பிர்ரியா என்ற காரக் குழம்புக் கறி பிறந்த மெக்சிகோவின் ஹலீஸ்கோ மாநிலத்தில் அது ஆட்டுக்கறி, ஆனால் இங்கே பெரும்பாலான வண்டிகளில் மாடு. வண்டியில் கோழி கேட்டாலும் எல்லாக் கறியும் ஒரே கல்லில்தான் புரளும். அந்த விஷயத்திலும் மார்க்கெட்டே வசதி. மசாலா தடவிய பச்சைக் கோழி ‘போயோ பிரெபராதோ’ என்று பவுண்டு கணக்கில் கிடைக்கும், கார்னீட்டாஸைவிட மலிவு, பச்சையாக வாங்குவதால் வரியும் இல்லை. வெந்தால் கால் பங்கு எடை குறையும் என்பதால் நான்கு பேருக்கு எலும்பில்லாததாக இரண்டரை பவுண்டு வாங்குங்கள்.