டர்பனிலிருந்து லிம்போபோ வரை: இருவருக்கு ஒரு பழைய பீட்டில் போதுமா?

போதும். ஆனால் எந்த ஃபோக்ஸ்வாகன் பீட்டில், எந்த நிலையில் என்பதைப் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் யூட்டன்ஹேக் (இப்போது கரீகா) ஆலையில் 1951 முதல் 1979 வரை தயாராகி வந்த வண்டி இது. இங்கே பேசுவது 1970களின் 1600 சிசி, 12 வோல்ட் மாடலைப் பற்றி. பழைய 6 வோல்ட் வண்டி ஊருக்குள் அழகு. ஜொஹானஸ்பர்கிலிருந்து வடக்கே போகும் N1 நெடுஞ்சாலையில் அதன் முகப்பு விளக்கை நம்பி இருட்டில் போகாதீர்கள்.

வடக்கே புறப்படுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "மேடு ஏறுமா?" என்றுதான். ஏறும். பீட்டர்மரிட்ஸ்பர்க் டவுன் ஹில்லும் வான் ரீனன் கணவாயும் இந்த வண்டிக்கு எதிரிகள் அல்ல, சூடுதான் எதிரி. வண்டிக்குச் செலவழிக்கக் கையில் இருக்கும் பணத்தை கார்புரேட்டர், சைலன்சர் என்று வேகம் கூட்டும் சாமானில் போடாமல், சூடு குறைக்கும் ரப்பரிலும் தகட்டிலும் போடுங்கள்.

ரேடியேட்டர் இல்லாத எஞ்சின். டைனமோவின் மறுமுனையில் இருக்கும் விசிறிதான் காற்றை அடித்துக் குளிர வைக்கிறது. விசிறி இழுக்கும் காற்று எஞ்சின் அறைக்குள்ளிருந்து வருவதால், எஞ்சினின் கீழ்ப்பக்கச் சூட்டுக் காற்று மேலே ஏறிவிடாதபடி சுற்றிலும் தகடும், தகட்டின் ஓரத்தில் ரப்பர் பட்டியும் வைத்திருக்கிறார்கள். விற்பனைக்கு வரும் வண்டிகளில் இந்தப் பட்டி பாதிக்கு மேல் காய்ந்து உதிர்ந்திருக்கும். பிளக் ஒயர் நுழையும் இடத்தில் இருக்க வேண்டிய ரப்பர் மூடிகளும் காணாமல் போயிருக்கும். அந்த ஓட்டை ஒவ்வொன்றும் சுட்ட காற்றையே திரும்பச் சுற்ற விடுகிறது. எஞ்சின் மூடியைத் திறந்து மேலிருந்து பாருங்கள்: தகட்டுக்கும் பாடிக்கும் நடுவே தரை தெரிந்தால் அந்த வண்டி மலைப் பயணத்துக்குத் தயாரில்லை. ஆயில் கூலரை விசிறிக் கூட்டுக்கு வெளியே பின்னால் தள்ளி வைத்த பிந்தைய அமைப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். முந்தைய அமைப்பில் கூலர் மறைப்பதால் மூன்றாம் சிலிண்டருக்குக் காற்று குறையும்; அங்கே எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் நீண்டு, ஒரு நாள் தலை உடைந்து பிஸ்டன்மேல் விழும்.

அதனால் வால்வு இடைவெளியைப் புறப்படும் முன் கட்டாயம் பார்க்க வேண்டும். 0.15 மில்லிமீட்டர், இரவு முழுக்க ஆறிய எஞ்சினில். சூட்டோடு வைத்தால் அளவு பொய். ஒரு வால்வில் மட்டும் இடைவெளி ஒவ்வொரு முறையும் குறுகிக்கொண்டே வந்தால், அதைச் சரிசெய்துகொண்டே ஓட்டுவதில் அர்த்தமில்லை. சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டும். பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் மின்தொடுமுனை) இடைவெளி 0.4, பிளக் 0.7. ஆயில் 20W-50, இரண்டரை லிட்டர்தான். ஃபில்டர் கிடையாது, வலைதான். ஆகவே 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும். வலையின் மூடித் தகட்டில் இருக்கும் ஆறு சின்ன நட்டுகளைப் பலம் காட்டி முறுக்கினால் ஸ்டட் கையோடு வந்துவிடும். பெட்ரோல் போடும் ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் பங்கில் நிற்கட்டும், மற்றவர் ஆயில் கம்பியைப் பார்க்கட்டும்.

ஃபேன் பெல்ட் விஷயத்தை இருவரும் கற்றுக்கொள்ள வேண்டும். விசிறியும் டைனமோவும் ஒரே பெல்ட்டில் ஓடுவதால், சிவப்பு டைனமோ விளக்கு எரிந்தால் "பேட்டரிதானே, அடுத்த ஊரில் பார்க்கலாம்" என்று ஓட்டக்கூடாது. மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஒதுங்கி உடனே எஞ்சினை நிறுத்துங்கள். மாற்றுவது சுலபம். டைனமோ புல்லியின் வெட்டில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, 21 எண் ஸ்பேனரால் நட்டைக் கழற்றினால் புல்லியின் வெளிப்பாதி வந்துவிடும். இரண்டு பாதிக்கும் நடுவே மெல்லிய வாஷர்கள் இருக்கும். நடுவிலிருந்து ஒன்றை எடுத்தால் பெல்ட் இறுகும், சேர்த்தால் தளரும். எடுத்ததைத் தூக்கிப் போடாமல் நட்டுக்கு அடியில் வெளிப்பக்கம் மாட்டுங்கள். அடுத்த பெல்ட்டுக்கு அது வேண்டும். முறுக்கும்போது புல்லியைச் சுற்றிக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் பெல்ட் நடுவில் சிக்கி நசுங்கும். கடைசியில் கட்டைவிரலால் அழுத்தினால் 15 மில்லிமீட்டர் அளவுக்கு உள்ளே போக வேண்டும்.

மேட்டில் நான்காம் கியரைப் பிடித்துக்கொண்டு முக்க விடுவது மற்ற கார்க்காரர்களின் பொதுவான பழக்கம். இந்த எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் விசிறியும் மெதுவாகத்தான் சுழலும். மூன்றுக்கு இறக்கி 70-ல் போங்கள். பின்னால் வரும் லாரிக்காரர் கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும். சமவெளியில் 95, நூறு என்றால் வண்டிக்கும் காதுக்கும் தாங்கும்.

ஜொஹானஸ்பர்க் மேட்டுநிலத்தில் காற்று மெலிந்திருப்பதால் பெட்ரோல் கலவை தடித்து, வண்டி சோம்பும். உடனே மெக்கானிக் கார்புரேட்டரில் சின்ன ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளைத் திருகு) போடச் சொல்வார். அங்கேயே குடியிருப்பவருக்கு அது சரியான யோசனை. உங்களுக்கு வேண்டாம். மக்காடோ (லூயி டிரிகார்ட்) ஊரைத் தாண்டி, சவுட்பான்ஸ்பர்க் மலையின் குகைவழிகளைக் கடந்தால் சாலை லிம்போபோவின் வடகோடி ஊரான முசினாவை நோக்கிச் சரசரவென்று இறங்குகிறது. அங்கே உயரம் 600 மீட்டருக்கும் கீழே. கோடையில் வெயில் 40 டிகிரி தொடும். சின்ன ஜெட்டோடு அந்தத் தாழ்நிலத்துக்குப் போனால் கலவை மெலிந்து, வெயிலோடு சேர்ந்து ஹெட்டைச் சுட்டுவிடும். டர்பன் ஜெட்டே இருக்கட்டும். மேலே கொஞ்சம் புகையும், அவ்வளவுதான். போலக்வானேயிலிருந்து விடியுமுன் கிளம்பினால் வெயில் ஏறுமுன் முசினா.

நெருப்பு பற்றியும் சொல்ல வேண்டும். இந்த எஞ்சினின் கூடு மக்னீசியக் கலவை. பற்றினால் அணைப்பது கடினம். பற்ற வைப்பது பெரும்பாலும் பழைய பெட்ரோல் ஹோஸ். எல்லா ஹோஸையும் கிளிப்போடு மாற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்கு மேலே தொங்கும் பிளாஸ்டிக் ஃபில்டரை அங்கிருந்து எடுத்து, எஞ்சின் அறைக்கு வெளியே வையுங்கள். இன்னொரு ஆபத்து பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது: பேட்டரி. இருவர் போகும்போது பின்சீட்டில் பெட்டி, தண்ணீர் கேன், சோற்றுப் பாத்திரம் எல்லாம் ஏறும். பாரத்தில் சீட்டின் கம்பிச் சுருள் இறங்கி பேட்டரி முனையைத் தொட்டால், சீட்டுக்குள் அடைத்த நார் புகையத் தொடங்கும். முனைக்கு மூடியோ, கெட்டியான ரப்பர் பாயோ இல்லாமல் சுமை ஏற்றாதீர்கள். ஒரு கிலோ பவுடர் தீயணைப்பான் முன்சீட்டுப் பக்கம், கை எட்டும் இடத்தில்.

டயர் 155-15. காற்று முன்னே 18, பின்னே 27 பிஎஸ்ஐ. பங்கில் இருக்கும் பையன் நல்லெண்ணத்தில் நான்குக்கும் ஒரே அளவு அடித்துவிடுவான். அப்புறம் ஹாரிஸ்மித்துக்கு அப்பால் வெட்டவெளிக் குறுக்குக்காற்றில் வண்டி கோட்டுக்குக் கோடு அலையும். கண்ணாடி கழுவும் தண்ணீரை ஸ்டெப்னியின் காற்றுதான் தள்ளுகிறது. பூச்சி நிறைந்த சாலையில் கழுவிக்கொண்டே போனால் ஸ்டெப்னி இளைத்திருக்கும், வாரம் ஒரு முறை பாருங்கள்.

டேங்க் 40 லிட்டர், நூறு கிலோமீட்டருக்கு 9 முதல் 10 லிட்டர். 350-ஐத் தாண்டி நம்ப வேண்டாம். டர்பன், ஹாரிஸ்மித், ஜொஹானஸ்பர்க், போலக்வானே என்று நிரப்பினால் கணக்கு சரியாக வரும். டோல் கேட்டுகள் நிறைய, சில்லறையோ கார்டோ கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இடையில் தங்க பிரிட்டோரியா நல்ல இடம். மாராபாஸ்டட் மாரியம்மனையும் பார்த்துவிடலாம்.

சொகுசில் மதிப்பெண் குறைவு. ஏசி இல்லை, இரைச்சல் அதிகம். ஹீட்டர் குழாய் துருப்பிடித்திருந்தால் புகை உள்ளே வரும். குளிர்காலப் பயணம் என்றால் அதை முதலில் சோதியுங்கள். பயணத்துக்கு ஏற்றது ஜூன், ஜூலைதான், ஆனால் வான் ரீனனில் பனி விழுந்து, டர்பனையும் ஜொஹானஸ்பர்கையும் இணைக்கும் N3 நெடுஞ்சாலை மூடப்படுவதும் உண்டு. 2024 செப்டம்பரில்கூட நடந்தது. ஈஸ்டர் வாரத்தைத் தவிருங்கள்: சாலை முழுக்க நெரிசல், பீட்டர்மரிட்ஸ்பர்கில் பெரிய வெள்ளியன்று தீமிதிக் கூட்டமும் சேரும்.

கிளம்பும் முன் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பவர்கள், கூடவே டிக்கியில் ஒரு டப்பாவும் வையுங்கள்: பெல்ட் இரண்டு, பாயின்ட், கன்டென்சர், ஒரு மீட்டர் பெட்ரோல் ஹோஸ், கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஆயில் இரண்டு லிட்டர், 13, 17, 21 எண் ஸ்பேனர்கள். எல்லாவற்றையும் டர்பனிலேயே வாங்கி, கேபிள்களை ஒரு முறை மாட்டிப் பார்த்து நீளம் சரிதானா என்று உறுதி செய்யுங்கள்.